யவன புராணத்தில் நம் முத்துக்கரை

பாண்டியன் என்ற பெயரை முதன்முதல் காதால் கேட்ட யவன வணிகனுக்கு அது புதிய பெயராகத் தோன்றியிராது. ஆதென்ஸ் நகரத்துப் பழங்கதைகளில் பாண்டியோன் என்று ஓர் அரசன் இருக்கிறான். ஆகவே மதுரையிலிருந்து அரசு செலுத்திய நம் மன்னனையும் யவனர் பாண்டியோன் என்றே எழுதி வைத்தார்கள். அகஸ்டஸ் சக்கரவர்த்திக்கு இந்தியாவிலிருந்து தூதும் காணிக்கையும் வந்ததைக் கூறும் ஸ்ட்ராபோ, அனுப்பியவன் பாண்டியோன், அல்லது போரஸ் என்கிறார். கடற்கரைக்கு வெகு தூரத்தில், மோதுரா என்னும் உள்நாட்டு நகரத்தில் பாண்டியோன் ஆண்டதாகப் ப்ளினி குறிக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில், தன் பெயரைச் சொல்லாத ஒரு யவன வணிகன் எழுதிய எரித்திரைக் கடல் வழிநூலோ, கொற்கையில் நடந்த முத்துக்குளிப்புப் பாண்டியோனின் அரசைச் சேர்ந்தது என்று சொல்லுகிறது. தூத்துக்குடியை ‘டூடிகோரின்’ ஆக்கிய பிற்காலத்து அந்நியரைப்போல அவர்கள் நம் பெயரைச் சிதைத்துவிடவில்லை. தங்கள் வீட்டுப் பழைய பெயர் ஒன்றை எடுத்து நம் அரசனுக்குச் சூட்டி மகிழ்ந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

அந்த ஆதென்ஸ் நகரத்துப் பாண்டியோன் யார்? அவனைவிட அவன் பெண்களே பிரசித்தம். மூத்தவள் ப்ரோக்னி, இளையவள் பிலோமெலா. மூத்தவளை மணந்த தெரியஸ் என்னும் அரசன் மைத்துனியைக் கெடுத்து, அவள் வெளியே சொல்லாதபடி நாவையும் அறுத்துக் காவலில் வைத்தான். நா இழந்த அந்தப் பெண் தறியில் அமர்ந்தாள். தனக்கு நேர்ந்ததை ஒரு துணியிலே நெய்து தமக்கைக்கு அனுப்பினாள். தமக்கை பழிக்குப் பழியாகத் தான் பெற்ற பிள்ளையையே கொன்று, சமைத்து, கணவனுக்குப் படைத்தாள். நம் சிறுத்தொண்டர் சரித்திரம் நேயர்களுக்கு நினைவு வரலாம். ஆனால் அங்கே பக்தி, இங்கே பழி. இரு சகோதரிகளும் கடைசியில் பறவைகளாக மாறிவிட்டனர் என்று கதை முடிகிறது. ஆதென்ஸ் நகரத்துக் கோட்டைக் குன்றின்மீது ப்ரோக்னிக்கு ஒரு சிலை இருந்தது. அல்கமெனிஸ் என்பவர் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அதை நிறுவியதாகச் சொல்லுவர். அந்நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் இப்பொழுது அதைப் பார்க்கலாம். குழந்தை தாயின் ஆடை மடிப்புக்குள் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. கொலை இன்னும் நடக்கவில்லை. நடக்கப்போவதை அறிந்தவர் நாம். அறியாதது அந்தப் பிள்ளை. சிற்பி தேர்ந்தெடுத்த கணம் அது.

யவன புராணத்திலே தேவர்கள் ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். தேவர்களுக்குச் சாவு கிடையாது. ஆகவே அவர்களுடைய துக்கம் நம் மனத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. செத்து மடிகிற மானிடரின் கதைகளே கவிகளையும் சிற்பிகளையும் சித்திரக்காரரையும் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாகப் பிடித்து ஆட்டுகின்றன. அந்த மானிடர்களில் மூவருக்கு நம் முத்துக்கரையோடு ஒரு தொடர்பு உண்டு. பாண்டியோனுக்குப் பெயர் ஒன்றே தொடர்பு. மற்ற இருவரும் பெண்கள். ஒருத்தியை யவனரே இந்தக் கரைக்கு அரசியாக்கினார்கள். மற்றொருத்தியைக் கரிய இந்தியரின் நாட்டிலிருந்து வந்தவள் என்று ரோமாபுரிக் கவி பாடினார்.

தூத்துக்குடி நகரத்தை அடுத்து வடக்கே மாப்பிள்ளையூரணி. அதற்கும் அப்பால் தருவைகுளம். உப்பளங்களும் பனைகளும் கடற்காற்றுமாக இருக்கும் இப்பிரதேசத்தில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிவது மன்னார்க் குடாக் கடல். அதன் அடியிலேதான் முத்துச் சிப்பி வளரும் படுகைகள் இருக்கின்றன. ‘பார்’ என்பது அவற்றுக்கு இவ்வூரார் வழங்கும் பெயர். பழைய துறைமுகமாகிய கொற்கை இங்கிருந்து தெற்கே. தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து குவிக்கக் குவிக்கக் கடல் விலகிக்கொண்டது. கொற்கை இப்பொழுது கரையிலிருந்து சில மைல் உள்ளே கிடக்கும் ஒரு கிராமம். முத்துச் சிலாபமும் முடிந்த கதைதான். 1955-ஆம் ஆண்டு தொடங்கி ஆண்டுதோறும் நடந்த குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளிப்போர் மாத்திரம் இன்றும் உண்டு.

இந்தக் கரையின் முத்தைப் பற்றி யவனர் சொன்ன கதைதான் நாம் முதலில் கவனிக்க வேண்டியது.

கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில், செலூகஸ் மன்னனின் தூதராகப் பாடலிபுத்திரத்திலே சந்திரகுப்த மௌரியனுடைய சபையில் இருந்தவர் மெகஸ்தனீஸ். அவர் எழுதிய ‘இந்திகா’ மறைந்துபோயிற்று. பின்வந்த அர்ரியன், ப்ளினி முதலியோர் அதிலிருந்து எடுத்துக் கூறிய பகுதிகளே மிஞ்சின. அவற்றிலே ஹெரக்ளீஸைப் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. ஹெரக்ளீஸ் என்பவன் மானிடத் தாயின் வயிற்றில் பிறந்து, பன்னிரண்டு அருஞ்செயல்கள் புரிந்து, தீயில் மாண்ட பிறகே தேவர் கூட்டத்தில் சேர்ந்த வீரன். சிங்கத்தோலும் கதாயுதமும் அவனுக்கு அடையாளம். அவன் இந்தியாவுக்கு வந்தானாம். நிலத்திலும் நீரிலும் இருந்த தீங்குகளையெல்லாம் அகற்றிக்கொண்டு போகையில், கடலுக்குள்ளே அதுவரை எவரும் கண்டிராத ஓர் ஆபரணத்தைக் கண்டான். அதன் அழகில் மனம் பறிகொடுத்து, எந்தக் கடலில் அது கிடைத்தாலும் திரட்டிக்கொண்டு வரச் செய்தான். எதற்காக? தன் மகளுக்குப் பூட்டி அழகு பார்ப்பதற்காக. அந்த ஆபரணந்தான் முத்து. அந்த மகளின் பெயர் பாண்டையா.

ஹெரக்ளீஸுக்குப் பிள்ளைகள் பலர். பெண் இவள் ஒருத்தியே. அவளுக்கு அவன் 500 யானையும் 4,000 குதிரையும் 1,30,000 காலாளும் கொடுத்ததாக அர்ரியன் கணக்குச் சொல்லுகிறார். பாலியேனஸ் என்ற மற்றோர் ஆசிரியர் கூறுவது இன்னும் ருசியானது. தெற்கே கடல்வரை உள்ள நாட்டை அவளுக்கு அளித்து, அதை 365 ஊர்களாக வகுத்து, நாள் ஒன்றுக்கு ஓர் ஊர் அரண்மனைக்கு இறை செலுத்த வேண்டும் என்று ஹெரக்ளீஸ் ஏற்பாடு செய்தானாம். ஒரு நாள் ஓர் ஊர் இறுக்கத் தவறினால், அதைக் கேட்டு வாங்க மற்ற ஊரார் அரசிக்குத் துணை நிற்பார்கள் என்பது யோசனை.

இதைப் படித்ததும் சிலப்பதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. கோவலன் கொலையுண்ட நாளின் காலையில், மாதரி தன் மகள் ஐயையை அழைத்து, அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை இன்று நம்முடையது என்று சொல்லவில்லையா? அந்த முறைவைப்பு மதுரை ஆயர்களிடம் இருந்தது. யவன ஆசிரியர் கூறும் ‘நாளுக்கு ஓர் ஊர்’ என்பதும் ஒரு முறைவைப்பே. பாடலிபுத்திரத்தில் அமர்ந்திருந்த ஒருவருக்கு வெறுங் கற்பனையில் இவ்வளவு பொருத்தமாக ஒரு செய்தி கிட்டியிருக்குமா என்று நாம் கேட்கலாம். தென்னாட்டிலிருந்து போன முத்து வணிகர் யாரோ மகத நாட்டில் வாய்விட்டுப் பேசியிருக்கிறார்கள். பாண்டிய நாட்டு முத்தைக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது.

ஹெரக்ளீஸ் இந்தியாவுக்கு வந்தானா என்று யாரும் நம்மைக் கேட்க வேண்டாம். யமுனைக் கரையில், மெதோரா நகரத்துச் சூரசேனர் வழிபட்ட ஹெரக்ளீஸ் என்று மெகஸ்தனீஸே விளக்குவதால், அவர் கேள்விப்பட்டது நம் கண்ணபிரானைப் பற்றியே என்பது பெரும்பாலோர் அபிப்பிராயம். வட மதுரையின் கண்ணனும் தென் மதுரையின் பாண்டியனும் ஒருவர் வாய்க்கு ஒருவர் வாய் மாறிப்போகும்போது தந்தையும் மகளுமாக இணைந்திருக்கக் கூடும். முத்துச் சிப்பிகளுக்குத் தேனீக்களைப்போல ஓர் அரசன் உண்டு, அவனைப் பிடித்துவிட்டால் மற்றவை தாமே வலைக்குள் வரும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். நம் சங்கு குளிப்போரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பாண்டையாவின் நாட்டில் ஆண்கள் 40 வயதுக்குமேல் உயிரோடிருப்பதில்லை என்பதும், பெண்களைப் பற்றி இங்கே எழுதக் கூசும் சில செய்திகளும் அதே நூலிலிருந்து வந்தவையே. எடுத்துக் கூறிய அர்ரியனுக்கே அவற்றில் நம்பிக்கை இல்லை. கேலி செய்துவிட்டுத்தான் மேலே போகிறார். ஆனால் சிப்பியின் சதையை அழுகவிட்டு எலும்பை, அதாவது முத்தை, எடுத்துக்கொள்வார்கள் என்றும் இந்தியாவில் அதன் விலை எடைக்கு மூன்று மடங்கு பசும்பொன் என்றும் சொல்வது கேட்டறிந்த உண்மை. சிப்பியைக் குவித்து அழுகவிட்டுக் கழுவி முத்து எடுப்பதே தூத்துக்குடிச் சிலாபத்தில் கடைசிவரை இருந்த முறை.

பாண்டியர் மட்டுமே இந்தியாவில் பெண்களால் ஆளப்படுவோர் என்று ப்ளினி எழுதியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், தடாதகைப் பிராட்டியாரை நினையாதிருக்க முடியாது. மலயத்துவச பாண்டியனின் ஒரே மகள், வேள்வியில் தோன்றியவள், நாற்படை நடத்தித் திக்குவிஜயம் செய்தவள், மீனாட்சியாக மதுரையில் வீற்றிருப்பவள். அவள் கதையைப் பரஞ்சோதியார் விரித்துப் பாடியது மிகப் பிற்காலம். ஆதலால் மெகஸ்தனீஸ் கேட்டது மீனாட்சி கல்யாணம் என்று துணிந்து சொல்ல நாம் தயாராயில்லை. இருந்தாலும் இலங்கையின் மகாவம்சத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும். விஜயன் மணப்பதற்குத் தென்மதுரைப் பாண்டிய அரசன் தன் மகளை யானை, குதிரை, தேர்களோடும் பதினெட்டு வகைத் தொழிற்குடிகளோடும் அனுப்பினான் என்றும், விஜயன் ஆண்டுதோறும் மாமனாருக்கு இரண்டு லட்சம் பெறுமான முத்து அனுப்பிவந்தான் என்றும் அந்நூல் கூறுகிறது. மகள், படை, முத்து என்ற மூன்றும் மறுபடி ஒரே கதையில்! மாப்பிள்ளையூரணி என்ற பெயரைக் கேட்டதும் இந்த மாப்பிள்ளையின் நினைவு வந்தது என்பதைத் தவிர, ஊர்ப்பெயருக்கும் அதற்கும் நாம் முடிச்சுப் போடவில்லை.

பாண்டையாவின் தந்தையை யவனரும் ரோமரும் ஆயிரக்கணக்கில் கல்லிலும் வெண்கலத்திலும் வடித்தார்கள். காந்தார நாட்டுச் சிற்பிகள் அவனைப் புத்தபிரான் அருகே காவலனாகக்கூட நிறுத்தினார்கள். அதே காந்தாரத்தில், டிராய் நகரத்து மரக்குதிரைக்கு எதிரே இரு கைகளையும் உயர்த்தி அலறும் கஸாண்ட்ராவை இந்தியப் பெண்ணின் உடையில் செதுக்கிய பலகை ஒன்று கிடைத்து, லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கிறது. ஆப்கானிஸ்தானத்துப் பெக்ராமில் 1937 முதல் 1939 வரையில் தோண்டியெடுத்த கண்ணாடிக் குவளைகளில், கழுகு தூக்கிச் செல்லும் கனிமீட் என்ற இளைஞனும் காளைமேல் போகும் யூரோப்பாவும் வர்ணத்தில் விளங்குகிறார்கள். தெற்கே யவனர் விட்டுச் சென்றவை பெரும்பாலும் காசும் மதுச் சாடியும். முத்துக்கரையின் சொந்தப் பெண்ணாகிய பாண்டையாவுக்கு மாத்திரம் பெயர்பெற்ற சிற்பமும் வாய்க்கவில்லை, சித்திரமும் வாய்க்கவில்லை, காவியமும் வாய்க்கவில்லை. அவளுக்காக எடுத்த முத்தோ ரோமாபுரிக்குப் போயிற்று. லொல்லியா பவுலீனா என்ற சீமாட்டி ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு, 4 கோடி ஸெஸ்டர்ஸ் நாணயம் பெறும் முத்தும் மரகதமும் தலைமுதல் பூண்டு வந்ததைத் தாமே கண்டதாகப் ப்ளினி வயிறெரிந்து எழுதுகிறார்.

அந்த முத்தை எடுத்தவர் யார்? மேலே சொன்ன வழிநூல் ஒரே வரியில் அதையும் சொல்லிவிடுகிறது. கொற்கையில் முத்துக் குளித்தவர் தண்டனை பெற்ற குற்றவாளிகள். கயிற்றில் கட்டிய கல்லோடு அடியில் இறங்குவது. மூச்சுத் தாங்கும் மட்டும் சிப்பியை அரிப்பது. மேலே தோணியில் இருப்பவன் கயிற்றை இழுக்க எழுவது. இப்படிச் சூரியன் சாயும்வரை. சுறாவுக்கு அஞ்சி, மந்திரத்தால் அதன் வாயைக் கட்டும் ‘கடற்கட்டி’ இல்லாமல் பிற்காலத்தில்கூடச் சிலாபம் தொடங்காது. எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குக் கொடுக்கப்பட்டதாகவும், அவர்கள் மாலையானதும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள், அப்படியானால் இரவில் திருட்டுத்தனமாக எவனும் இறங்க மாட்டான் என்றும் மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். சுறாவுக்கு வாய்க்கட்டு, மனிதனுக்குக் கயிறு. கடலோரத்தில் கட்டுண்டு, கடல் விலங்கின் வாயை எதிர்நோக்கி நின்ற மானிடர் இக்கரையில் கதையாக இருக்கவில்லை. கூலிக்கும் தண்டனைக்கும் இருந்தார்கள்.

யவனரின் கதையிலும் அப்படி ஒருத்தி நிற்கிறாள். அவள்தான் அந்த்ரோமீடா.

எத்தியோப்பிய அரசன் கெபியஸின் மகள் அவள். தாய் காஸியோபியா, கடற்கன்னியரைவிடத் தாங்களே அழகு என்று பெருமை பேசினாள். கடல்தேவன் பொஸைடன் சினந்து ஒரு கடற்பூதத்தை நாட்டின்மேல் ஏவினான். மகளைப் பாறையில் கட்டிப் பூதத்துக்குப் பலியிட்டால் நாடு பிழைக்கும் என்று வாக்குப் பிறந்தது. அவ்வாறே கட்டினார்கள். மெடூஸாவின் தலையை அரிந்துகொண்டு ஆகாயவழியே வந்த பெர்ஸியஸ் அவளைக் கண்டு, பூதத்தைக் கொன்று, மீட்டு மணந்துகொண்டான். மெடூஸாவின் தலையை அவன் கடற்பாசியின்மேல் இறக்கி வைத்தபோது பாசி கல்லாக உறைந்ததே பவளம் என்று ஓவிட் பாடுகிறார். பவளத் திட்டுகள் நிறைந்த மன்னார்க் குடாவின் கரையில் இருப்போருக்கு இந்தப் பகுதி தனியே சுவைக்கும். பூதத்தின் எலும்பு என்று யாபா நகரத்திலிருந்து ரோமாபுரிக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்களாம். நீளம் 40 அடி. விலா இந்திய யானையைவிட உயரம் என்கிறார் ப்ளினி. சந்தேகமில்லாமல் அது திமிங்கிலத்தின் எலும்பு. 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கத்துக் கரைகளில் சிறிய திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கி மாண்டதைக் கண்டவர்களுக்குக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த்ரோமீடாவின் நிறம் என்ன? விளையாட்டுக் கேள்வி அன்று. ஓவிட் ஓரிடத்தில் அவள் தன் நாட்டு நிறமாகிய கருமை உடையவள், அக்கருமையே பெர்ஸியஸுக்குப் பிடித்தது என்று குறிப்பிடுகிறார். வேறோரிடத்தில் அவளைக் கரிய இந்தியரிடமிருந்து பெர்ஸியஸ் கொண்டுவந்தான் என்கிறார். எத்தியோப்பியாவையும் இந்தியாவையும் ஒன்றாகக் குழப்புவது அக்காலத்தில் சகஜம். ஆயினும் கவியின் மனக்கண்ணில் நின்றவள் கறுத்த பெண் என்பதில் ஐயமில்லை.

சித்திரக்காரர்களோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு யவனக் குடம் ஒன்றில் அவளைக் கீழ்நாட்டு உடையில் எழுதியிருக்கிறார்கள். தாங்கிப் பிடிக்கும் ஏவலாளர் கறுப்பர். அவள் மட்டும் வெளுப்பு. பாம்பேயி நகரத்துச் சுவர்ச் சித்திரங்களிலும் அவள் வெள்ளை. ஸ்பெயின் அரசன் இரண்டாம் பிலிப்புக்காக டிஷியன் 1550-களில் தீட்டிய படம் லண்டன் வாலஸ் சித்திரசாலையில் இருக்கிறது. இருண்ட கடலின் பக்கத்தில் பால்போன்ற மேனி, சங்கிலி, கைகளை வளைத்துத் துவளும் உடல். ரூபென்ஸுக்கும் மற்றவர்களுக்கும் கூட இதே வழி. அவர்களுடைய வர்ணத் திறமையை நாம் குறைவாகப் பேசவில்லை. டிஷியனின் கடலை நேரில் பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார். ஆனால் இருநூறு முந்நூறு வருஷம் இந்தப் படங்களையே பார்த்து வளர்ந்த ஒரு சமுதாயம், கட்டுண்டவள் கறுத்த நாட்டுப் பெண் என்பதையே மறந்துபோயிற்று. அவளுக்கு அந்தப் படங்களில் செய்யவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. கட்டுண்டு நிற்கவேண்டும், பார்ப்பவர் பார்க்கவேண்டும், மீட்பவன் வரவேண்டும்.

இந்தப் பழைய கதையை நம்மவர் ஒருவர் கையில் எடுத்தபோது நேர்ந்த மாறுதலைச் சொல்லவே இவ்வளவும் எழுதினோம்.

ஸ்ரீ அரவிந்தர் இளமையில் இங்கிலாந்தில் படித்தவர். 1890-இல் ஐ.ஸி.எஸ். பரீட்சையில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றுத் தேறி, குதிரையேற்றப் பரீட்சைக்குப் போகாமல் அந்த உத்தியோகத்தை உதறியவர். ஆளுகிற ஜாதியார் தங்களுக்கே உரியதாக நினைத்துக்கொண்டிருந்த யவன இலக்கியம் அவருக்குத் தாய்வீடுபோல் பழக்கம். கல்கத்தாவில் ‘வந்தே மாதரம்’ நடத்திய அனல்பறக்கும் நாட்களில், 1907-இல், அப்பத்திரிகையின் வாரப் பதிப்பிலே அவருடைய ஆங்கில நாடகம் ஒன்று தொடர்ந்து வெளிவந்தது. பெயர், ‘மீட்பனாகிய பெர்ஸியஸ்’.

கதை நடப்பது சிரியாவில். சரித்திரத்துச் சிரியாவில் அன்று, அவருடைய கற்பனையில் இருந்த சிரியாவில். அங்கே கரை ஒதுங்கும் அந்நியரைக் கடல்தேவனுக்குப் பலியிடுவது சட்டம். புயலில் கப்பல் உடைந்து பாபிலோன் வணிகர் இருவர் சாகக்கிடக்கையில் பெர்ஸியஸ் அவர்களைக் கரையேற்றுகிறான். கோயிற்பூசாரியான பாலிடேயான் அவர்களைப் பிடித்து விலங்கிடுகிறான். அரண்மனையில் இருந்த இளவரசி அந்த்ரோமீடா இதைக் கேட்கிறாள். தெய்வக் குற்றம் என்கிறார்கள்; நாட்டுக்கு ஆபத்து என்கிறார்கள். அவள் மனம் ஒப்பவில்லை. தோழி ஒருத்தியைத் துணைகொண்டு இரவில் கோயிலுக்குள் புகுந்து இருவர் கட்டையும் தன் கையாலேயே அவிழ்த்துவிடுகிறாள். ஒருவன் தப்பவில்லை, ஸ்மெர்டாஸ் என்னும் அந்தக் கோழை பிடிபட்டு, உயிருக்குப் பயந்து, விடுவித்தவள் பெயரைச் சொல்லிவிடுகிறான். பூசாரி ஜனங்களைக் கிளப்புகிறான். பிறகுதான் பாறை, சங்கிலி, பூதம், பெர்ஸியஸ் எல்லாம்.

பழைய கதையில் அவள் தாயின் வாய்த்துடுக்குக்காகக் கட்டுண்டாள். இந்த நாடகத்தில் அவள் கட்டுண்டது பிறர் கட்டை அவிழ்த்ததற்காக. டிஷியன் எழுதிய உடலில் இல்லாத ஒன்றை அரவிந்தர் அவளுக்குக் கொடுத்தார். அதாவது ஒரு குற்றம், அவளே மனமறிந்து செய்த குற்றம். பூதத்தைக் கொல்வது பெர்ஸியஸின் வேலையாக இருக்கலாம். விடுதலை தொடங்கிய இடம் அந்த இரவில் அவள் விரல்கள் பட்ட முடிச்சு. நாடகம் என்ற முறையில் நடுவே சில காட்சிகள் நீண்டுபோகின்றன, ஹாஸ்யப் பகுதி சில இடங்களில் ஒட்டவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோயில் காட்சி ஒன்றுக்காகவே படிக்கலாம்.

1907-இல் ‘வந்தே மாதரம்’ வாசகர்கள், கடலோரத்தில் சங்கிலியால் கட்டுண்டவள் யார் என்று யோசித்திருக்கமாட்டார்களா? அதே ஆண்டில்தான் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு காலியா, லாவோ என்ற இரு கப்பல்களும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. பவளம் என்று பெயர் வைத்த அந்த ஆலைக்குள்ளே மனிதர் அன்று அனுபவித்த நேரமும் கூலியும் எப்படிப்பட்டவை என்பது வ.உ.சி.யின் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். பிள்ளையும் சுப்பிரமணிய சிவமும் முன்நின்றார்கள். தொழிலாளர் கேட்டது கிடைத்தது. கல்கத்தாவிலிருந்து ‘வந்தே மாதரம்’ தூத்துக்குடியை மனமாரப் பாராட்டி எழுதியது. மார்ச் 12-ஆம் தேதி பிள்ளை கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கு. பிறர் கட்டை அவிழ்த்ததற்காகக் கட்டுண்டவர் அவர்.

அரவிந்தர் 1910-இல் புதுச்சேரிக்கு வந்த பிறகும் யவன மானிடரை விடவில்லை. டிராய் யுத்தத்தின் கடைசி நாளை ‘இலியோன்’ என்ற பெயரில் ஹோமரின் சந்தத்திலேயே ஆங்கிலத்தில் பாடிவந்து, முடிக்காமலே வைத்துச் சென்றார். புதுச்சேரியில் அவருக்கு நண்பராயிருந்த வ.வே.சு. ஐயர், ஹோமரையும் கம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோட்டு, கம்பரே மேல் என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை ஒப்புவதும் ஒப்பாததும் அவரவர் இஷ்டம். ஆங்கிலேயன் தன் பாட்டனாராகக் கருதிய ஹோமரை, சிறையில் இருந்த ஒரு தமிழர் தராசில் நிறுத்தினார் என்பது நமக்குப் போதும்.

பாண்டையாவைத்தான் இன்னும் ஒருவரும் எடுக்கவில்லை. 365 ஊர்களும் முறைவைத்து இறை கொண்டுவர, 500 யானைகளோடு இக்கரையில் அரசிருந்த பெண்ணை எழுத நினைக்கும் நம் சித்திரக்காரர், அவள் கழுத்து முத்தை எழுதுகையில் கயிற்றின் மறுமுனையில் இருப்பவனையும் எழுதுவாரா என்று பார்க்க நமக்கு ஆசை.

அந்த்ரோமீடாவைப் பார்க்க லண்டனுக்குப் போகவேண்டியதில்லை. மார்கழி மாதத்து முன்னிரவில், சுமார் ஏழு மணிக்கு, மாப்பிள்ளையூரணிக் கரையில் நிமிர்ந்து பார்க்கலாம். உச்சிக்குச் சற்று வடமேற்கே நான்கு மீன்கள் ஒரு பெரிய சதுரமாக நிற்கும். அதன் மேற்குப் பக்கத்து இரண்டும் நம் பஞ்சாங்கத்துப் பூரட்டாதி. கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. உத்திரட்டாதியின் வடக்கு மீனே அந்த்ரோமீடாவின் தலை. அங்கிருந்து வடகிழக்காக ஓடும் வரிசை அவள் உடல். அதற்கும் அப்பால் பெர்ஸியஸ். வடக்கே தாழ்ந்து தாய் காஸியோபியா. தெற்கே திரும்பினால், கடலுக்கு மேலே மங்கலான மீன்களாய்ப் பரந்து கிடப்பது அந்தக் கடற்பூதம்.